கடனா நதிக்கரையில் நடந்து, நீந்த நல்ல கசம் (ஆற்றில் ஆழமாகத் தண்ணீர் நிற்கிற பள்ளம்) தேடுகிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

புதுக்குடித்தனம்

வேலை மாற்றலாகி தென்காசி மாவட்டத்து ஆழ்வார்குறிச்சிக்கு வந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். கண்மாயில் நீச்சல் பழகியவன், எருமை கலக்கிவிட்டுப் போன தண்ணீர்தான் எனக்குத் தெரிந்த தண்ணீர். இங்கே வீட்டை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் கடனா நதி ஓடுகிறது, அடியில் கிடக்கிற கல்லெல்லாம் தெரிகிறது, பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

யாரைக் கேட்டாலும் குற்றாலம் போ, அகஸ்தியர் அருவிக்குப் போ, மணிமுத்தாறு போ என்கிறார்கள். போனேன். அருவியில் தலையைக் கொடுத்துக்கொண்டு நிற்பது ஒரு சுகம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பின்னால் நிற்கிறவர் முதுகில் இடித்துக்கொண்டே இருக்க, காலுக்கடியில் ஷாம்பு பாக்கெட் வழுக்க, அதைக் குளியல் என்று சொல்லலாமே தவிர நீச்சல் என்று சொல்ல முடியாது. எனக்கு வேண்டியது ஆள் அரவம் இல்லாத, கை வீசி நாலு போடு போடுகிற அளவுக்கு நீளமும் ஆழமும் உள்ள இடம்.

யோசனை என்னவென்றால், கடனா அணைக்குக் கீழே சிவசைலத்தில் ஆரம்பித்து, திருப்புடைமருதூரில் கடனா தாமிரபரணியில் சேர்கிற இடம் வரைக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் துண்டு துண்டாக ஆற்றை ஒட்டியே நடந்து பார்ப்பது. கூட ஒரு நண்பர் வருவார், அவருக்கும் நீச்சல் தெரியும். எந்த மாதம் நல்லது, எந்தப் பக்கக் கரையில் நடக்க வழி இருக்கிறது, தெரியாத தண்ணீரில் ஆழத்தை எப்படிக் கணக்குப் பண்ணுவது, யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா? கூகுள் மேப்பில் ஆறு ஒரு நீலக்கோடாகத் தெரிகிறது, அதற்கு மேல் அதிலிருந்து ஒன்றும் தேறவில்லை.

வாய்க்கால்வரப்பு

தம்பி, நல்ல காரியம். எங்கள் வயல் கடனாப் பாசனம்தான், அதனால் ஆற்றில் எப்போது தண்ணீர் வரும், எப்போது வராது என்பது மட்டும் எனக்கு அத்துபடி, மற்றதை மற்றவர்கள் சொல்வார்கள்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். அணைக்குக் கீழே ஓடுவது ஆறு என்றாலும் அதன் குடுமி அணையில் இருக்கிறது. கார் நெல் சாகுபடிக்கு ஜூன் வாக்கில் திறப்பார்கள், அடுத்த போகமான பிசானத்துக்கு ஐப்பசி கார்த்திகையில். அரசபத்துக் கால், ஆழ்வார்குறிச்சித் தென்கால் என்று வழியில் ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய ஒவ்வொரு சின்ன அணைக்கட்டிலும் வாய்க்கால்கள் பிரிந்து பிரிந்து போகும், அதனால் மேலே நிறைய தண்ணீர் ஓடுகிறதே என்று கீழே போனால் பாறைக்கு நடுவில் பாட்டில் மூடி அளவுக்குச் சொட்டிக்கொண்டிருக்கும். அணை மொத்தமே 85 அடி. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் மளமளவென்று நிறைந்துவிடும், நிறைந்தால் வருகிற தண்ணீரை அப்படியே கீழே விட்டுவிடுவார்கள். காலையில் கணுக்கால் தண்ணீரில் கடந்த இடத்தை மத்தியானம் கடக்க முடியாது. தினமும் பேப்பரில் அணை நீர்மட்டம் போடுகிறார்கள், கிளம்புவதற்கு முந்தின நாள் அதைப் பாருங்கள். எண்பதைத் தாண்டியிருந்தால் அந்த வாரம் வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் தையும் மாசியும்தான் நேரம். மழை ஓய்ந்திருக்கும், கலங்கல் தெளிந்திருக்கும், பிசானத்துக்கு விடுகிற தண்ணீர் ஒரே சீராக ஓடும். சித்திரையில் கசங்களில் மட்டும் தண்ணீர் தேங்கி நிற்கும், அது வெதுவெதுவென்று பச்சை பூத்துக் கிடக்கும், அதில் எங்கள் ஊர் மாடுகளே யோசித்துத்தான் இறங்கும்.

கரை விஷயம்: பாதி இடத்தில் வயலும் வாழையும் தோப்பும் ஆற்று விளிம்பு வரைக்கும் வந்துவிட்டது. வரப்பில் நடக்க யாரும் தடுக்க மாட்டார்கள், ஆனால் ஆள் இருந்தால் "அண்ணாச்சி, ஆத்துப் பக்கம் போறோம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். அவரே கசம் எங்கே என்று காட்டுவார். சொல்லாமல் போனால் மோட்டார் ஒயர் திருட வந்தவன் என்றுதான் நினைப்பார், அந்தத் திருட்டு இந்தப் பக்கம் ஜாஸ்தி.

கல்லும்மணலும்

வாய்க்கால்வரப்பு அண்ணாச்சி சொன்னதற்கு மேல் தண்ணீரைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. கசம் எங்கே விழும் என்பதைச் சொல்கிறேன், அது தெரிந்தால் தேடுகிற நேரம் பாதியாகக் குறையும்.

ஆறு வளைகிற இடத்தில் வெளி வளைவில்தான் ஆழம். வேகமாக வருகிற தண்ணீர் வெளிக்கரையில் மோதி அரிக்கும், உள்வளைவில் வேகம் குறைந்து மணலை இறக்கிவிட்டுப் போகும். ஆக, மணல்திட்டு இருக்கிற பக்கம் இறங்கி, எதிர்க்கரையைப் பார்த்து நீந்துங்கள், திரும்பி வரும்போது தானாகக் கால் தட்டும். செங்குத்தான கரையிலிருந்து ஆழத்துக்குள் குதிக்கிற பழக்கம் வேண்டாம், ஏற வழி இருக்காது. ரெண்டாவது, பெரிய பாறைக்கு முன்னும் பக்கவாட்டிலும் தண்ணீர் தோண்டியிருக்கும். மூன்றாவது, சிவசைலத்துப் பக்கம் பாறைப்படுகையில் உரல் மாதிரி வட்டமான குழிகளைப் பார்ப்பீர்கள். வெள்ளத்தில் வந்த கல் ஒரு பள்ளத்தில் மாட்டிச் சுற்றிச் சுற்றி அரைத்து உண்டாக்கியது, சில குழியின் அடியில் அரைத்த கல் உருண்டையாக இன்னும் கிடக்கும். உட்கார்ந்து குளிக்க அருமை, ஆனால் குழிகள் அடியில் ஒன்றோடொன்று துளைத்துப் போயிருக்கலாம், ஓட்டம் இருக்கும்போது அதற்குள் காலை விடாதீர்கள்.

கண்ணை நம்பாதீர்கள், தெளிந்த தண்ணீர் ஆழத்தைக் குறைத்துக் காட்டும். நேர் மேலே இருந்து பார்த்து நாலடி என்று தோன்றினால் உண்மையில் ஐந்தேகால் அடிக்கு மேல் இருக்கும், சாய்வாகப் பார்த்தால் இன்னும் மோசம். ஒரு மூங்கில் கம்பை எடுத்துக்கொள்ளுங்கள், அடிக்கொரு கோடு போட்டு. ஊன்றிப் பார்க்காமல் யாரும் இறங்கக் கூடாது என்று உங்களுக்குள் ஒரு சட்டம் வைத்துக்கொள்ளுங்கள். கம்பு எட்டாத இடத்தில் நூலில் கல் கட்டிப் போடலாம்.

இன்னொன்று, யாராவது பழைய ஆள் "எங்கள் காலத்தில் இங்கே ரெண்டாள் ஆழம்" என்று சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 2023 டிசம்பர் 17, 18இல் பெய்த மழை இந்தப் பக்கத்து ஆறுகளையெல்லாம் புரட்டிப் போட்டுவிட்டது. நான் சின்னதிலிருந்து குளித்த ஒரு கசம் இப்போது மணல் மூடி முழங்கால் தண்ணீர், அதற்குக் கொஞ்சம் கீழே ஒன்றுமே இல்லாத இடத்தில் ஆள் முங்குகிற பள்ளம். மணல் அள்ளிய குழிகளும் உண்டு. இயற்கையான கசம் படிப்படியாக ஆழமாகும், மணல் அள்ளிய குழி அடுத்த எட்டில் விழுங்கும்.

தாமிரபரணித்தவளை

ஒன்றே ஒன்று. வாய்க்கால் பிரிகிற அந்தச் சின்ன அணைக்கட்டுக்குக் கீழே வெள்ளையாக நுரைத்து விழுகிற இடம் பார்க்க அழகாக இருக்கும், பையன்கள் போய் முதுகைக் கொடுப்பார்கள். தண்ணீர் அதிகமாக வழியும்போது அங்கே மட்டும் போகாதீர்கள். மேலே இருந்து விழுகிற தண்ணீர் அடியில் போய், மேல்பரப்பில் திரும்பவும் சுவரைப் பார்த்து வரும். அதில் சிக்கினவரை வெளியே தள்ளாது, சுவரடிக்கே இழுத்து அமுக்கி அமுக்கிச் சுற்றும். நுரையில் காற்று நிறைய இருப்பதால் உடம்பும் மிதக்காது. எவ்வளவு பெரிய நீச்சல்காரனானாலும் அங்கே வேலைக்கு ஆகாது. தண்ணீர் வழியாத நாளில் அதே இடத்தில் அம்சமாகக் குளிக்கலாம்.

கடையத்துப்பொண்ணு

எல்லோரும் ஆண்பிள்ளைகளாகவே யோசிக்கிறீர்கள், நான் எங்கள் பக்கத்தைச் சொல்கிறேன். நானும் என் சித்தி மகளும் ராமநதியிலும் கடனாவிலும் இப்படிச் சுற்றுகிறவர்கள்தான்.

ஊரை ஒட்டிய துறைகளுக்கு நேரம் உண்டு. காலையில் பெண்கள் துவைக்கவும் குளிக்கவும் வருகிற துறையில் நீங்களும் உங்கள் நண்பரும் டிரவுசரோடு போய் நின்றால் அவர்கள் ஒன்றும் சொல்லாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அது உங்களுக்குப் புரியக்கூடப் புரியாது. எட்டிப் பார்த்து ஆள் இருந்தால் மேலே ஏறி வயல் வழியாகச் சுற்றிக்கொண்டு போங்கள்.

இதைப் படிக்கிற பெண்களுக்கு: புடவை, தாவணி, நீளத் துப்பட்டாவோடு ஆழத்தில் இறங்காதீர்கள். நனைந்த புடவை காலைச் சுற்றிக்கொண்டால் நீச்சல் தெரிந்தும் பிரயோஜனம் இல்லை. நாங்கள் பழைய லெக்கின்ஸ், முழுக்கை டீசர்ட், நிறம் கருப்போ கருநீலமோ. மாற்றுத்துணிக்கு ஒரு பழைய நைட்டி, தலை வழியாகப் போட்டுக்கொண்டு உள்ளேயே மாற்றிக்கொள்ளலாம், மறைப்பே வேண்டாம். ஆனால் அந்தத் துப்பட்டாவைக் கரையில் வைத்திருங்கள், தூக்கி எறிய அதைவிட நல்ல கயிறு கிடையாது. எங்கள் கண் முன்னாலேயே ஒரு பையனை அப்படித்தான் இழுத்துப் போட்டார்கள். முங்குகிறவனிடம் நீந்திப் போகக் கூடாது, அவன் நம் கழுத்தைத்தான் பிடிப்பான். துணி, கம்பு, கேன், எது கையில் இருக்கிறதோ அதை நீட்டுங்கள்.

பெயர்வேண்டாம்

ஒரு வேண்டுகோள். எங்கே என்று இங்கே எழுதாதீர்கள். மேலே யாரும் எழுதவில்லை, சந்தோஷம். ஒரு இடத்தை ஒருத்தன் ரீல்ஸில் போட்டான், அடுத்த மாதம் நாலு கார், அதற்கடுத்த மாதம் உடைந்த பாட்டில். இப்போது அங்கே செருப்பில்லாமல் இறங்க முடியாது.

வாய்க்கால்வரப்பு

பெயர்வேண்டாம் சொல்வது நியாயம்தான், ஆனாலும் மனசுக்கு ஒரு மாதிரி இருக்கிறது. ஆறு யார் அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை. நாங்களெல்லாம் யாரோ காட்டித்தானே போனோம்? இணையத்தில் எழுத வேண்டாம், நேரில் வந்து கேட்டால் காட்டுவோம். அது போதாதா?

மேக்கரைவாடை

அனுமதி பற்றிக் கேட்டீர்கள், யாரும் சொல்லவில்லை. அணைக்குக் கீழே பட்டா நிலத்துக்கும் புறம்போக்குக்கும் நடுவில் ஓடுகிற வரை பிரச்சினை இல்லை. அணைக்கு மேலே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், கடையம் வனச்சரகம். அத்ரி மலைக் கோயிலுக்குப் போகிறவர்களே வனத்துறையிடம் கேட்டுத்தான் போகிறார்கள். மேலே இன்னும் நல்ல கசம் இருக்கிறது, போகலாம் என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள், அனுமதியில்லாமல் காப்புக்காட்டில் நுழைந்தால் வழக்கு, அபராதம் எல்லாம் உண்டு.

கீழேயும் கொஞ்சம் கவனம். சிவசைலம், கடையம் பக்கம் மலையடிவாரத்தில் கரடியும் பன்றியும் இறங்கும், சில நாள் யானையும். 2022இல் கடையம் பக்கத்தில் கரடி தாக்கி மூன்று பேருக்குப் பலத்த காயம், பேப்பரில் பார்த்திருப்பீர்கள். விடியற்காலையும் சாயங்காலமும் அந்தத் துண்டைத் தவிர்த்துவிடுங்கள், ஒன்பது மணிக்கு மேல் நாலு மணிக்குள் நடங்கள், பேசிக்கொண்டே நடங்கள். யானை லத்தி ஈரமாகக் கிடந்தால் அன்றைக்குத் திரும்பிவிடுவதுதான் மரியாதை.

மழையைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. நம் தலைக்கு மேலே வெயிலடிக்கும், மலையில் கொட்டிக்கொண்டிருக்கும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து பதினேழு வயதுப் பையன் போய்விட்டான். கடனாவில் அணை தடுத்துக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம், அணைக்குக் கீழே சேருகிற ஓடைகள் நிறைய. மலை கறுத்திருந்தால் ஏறிவிடுங்கள். தண்ணீரில் திடீரென்று சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், நிறம் லேசாக மாறினால், சாமானை எடுக்கக்கூட நிற்காமல் ஏறுங்கள்.

புதுக்குடித்தனம்

எல்லோருக்கும் நன்றி. முதல் துண்டு முடித்தேன், தை பிறந்த பிறகுதான் போனோம், அணை மட்டமும் பார்த்துக்கொண்டோம். இடம் சொல்ல மாட்டேன், பெயர்வேண்டாம் நிம்மதியாகத் தூங்கலாம்.

வரப்பில் உளுந்துக்கு மருந்தடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் வாய்க்கால்வரப்பு அண்ணாச்சி சொன்ன மாதிரியே சொன்னோம். அவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "குளிக்கதுக்கா இம்புட்டுத் தூரம் நடந்து வந்திய, வீட்ல பைப்பு இல்லையா?" என்றார். அப்புறம் அவரே கூட வந்து காட்டினார்.

வெளி வளைவு, எதிரில் மணல்திட்டு, கல்லும்மணலும் எழுதியதை அப்படியே வரைந்து வைத்தாற்போல இருந்தது. கரையில் ஒரு பெரிய நீர்மருது, பாதி வேர் தண்ணீருக்குள் தொங்குகிறது. கம்பு ஊன்றினோம், மணல் பக்கம் மூன்று கோடு, நடுவில் கம்பு முழுவதும் உள்ளே போய்விட்டது. இறங்கி முதல் பத்து வினாடி மூச்சே வரவில்லை, அப்படிக் குளிர். கொஞ்சம் பழகியதும் எதிர்நீச்சல் போட்டால் ஒரே இடத்தில் நிற்கலாம், விட்டால் மெதுவாக மணலில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கால் வைத்து நின்றால் விரல் நீளத்துக்குக் குட்டி மீன்கள் வந்து குதிகாலைக் கொத்துகின்றன, நகரத்தில் காசு வாங்கிக்கொண்டு செய்கிற வேலை.

ஒரு சந்தேகம். மணலை ஒட்டிய ஒரு தட்டையான பாறை மேல் கருப்பாக ஏதோ எச்சம், குச்சியால் கிளறிப் பார்த்தால் முழுக்க மீன் செதில், நண்டு ஓடு. கவிச்சி வாடை. மணலில் ஐந்து விரல் தடம், நாய்த்தடம் மாதிரி இல்லை. என்ன அது?

கல்லும்மணலும்

நீர்நாய்! நீங்கள் அதிர்ஷ்டசாலி. ஒரே பாறையில் திரும்பத் திரும்ப வந்து எச்சமிட்டுத் தன் எல்லையைச் சொல்லும். ஐந்து விரலும், விரலிடையில் சவ்வுத்தடமும் ஈர மணலில் தெரியும். அந்தப் பாறையில் துணி காயப்போடாதீர்கள், சோப்பும் போடாதீர்கள். மீன் இல்லாத, ஆள் ஓயாத இடத்தில் அது தங்காது, ஆக நீங்கள் கண்டுபிடித்தது நல்ல கசம்தான்.

நர்ஸம்மா

நானும் கொஞ்சம் பயமுறுத்திவிட்டுப் போகிறேன். வயல் வடிகால் வந்து கலக்கிற இடத்தில், அதுவும் மழை பெய்த மறுநாள், காலில் வெட்டோ சிராய்ப்போ இருந்தால் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் கிருமி அப்படித்தான் நுழையும். குளித்து ரெண்டு வாரத்துக்குள் கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், ஆற்றில் குளித்தேன் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள், பாதிப் பேர் அதைச் சொல்வதே இல்லை. சித்திரையில் தேங்கிய வெதுவெதுத் தண்ணீரை அண்ணாச்சி வேண்டாம் என்றார், நானும் அதையேதான் சொல்வேன். 2024இல் கேரளத்தில் குழந்தைகளைக் கொண்டுபோன அமீபா அந்த மாதிரித் தண்ணீரில் வளர்வதுதான். மிக அபூர்வம், ஆனாலும் அது மூக்கு வழியாகத்தான் போகும் என்பதால் தேங்கிய தண்ணீரில் முங்குநீச்சலும் குதிப்பதும் வேண்டாம். ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் அந்தக் கவலை ரொம்பக் குறைவு.

ஃபோனில் 108 இருக்கட்டும். சில வளைவுகளில் சிக்னல் இருக்காது, எங்கே கிடைக்கிறது என்று போகும்போதே பார்த்துக்கொண்டே போங்கள்.

புதுக்குடித்தனம்

நன்றி சிஸ்டர். அடுத்து ஆழ்வார்குறிச்சிக்குக் கீழே போகிற துண்டு. பைக்கை எங்கே விடுவது? ஆரம்பித்த இடத்துக்கே திரும்ப நடக்க நண்பர் தயாராக இல்லை.

தாமிரபரணித்தவளை

பைக்கே எடுக்காதீர்கள். ஆழ்வார்குறிச்சியிலும் ரயில் நிலையம், கீழ ஆம்பூரிலும் ரயில் நிலையம். கீழே நோக்கி நடந்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டு நெல்லை செங்கோட்டை வண்டியில் ஏறித் திரும்பிவிடலாம், நேரம் மட்டும் முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள், ஒன்றை விட்டால் அடுத்ததற்கு ரொம்ப நேரம். கடைசித் துண்டுக்குத் திருப்புடைமருதூரில் ஒரு வண்டியை முன்கூட்டியே கொண்டுபோய் விட்டுவிடுங்கள். அங்கே கோயிலைச் சுற்றியுள்ள மரங்களில் கொக்கும் நாரையும் கூடு கட்டியிருக்கும் காலம் அது, 2005இலேயே பறவைகளுக்காக அறிவித்த இடம், சத்தம் போடாமல் நடங்கள். வண்டியை மட்டும் மருத மரத்தடியில் நிறுத்தாதீர்கள், திரும்பி வரும்போது சீட்டெல்லாம் வெள்ளையடித்து வைத்திருக்கும்.